தொடங்காத கணினி: பாலக்காடு, இடுக்கி எல்லையோர வீடுகளின் பழுதும் பராமரிப்பும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், முதலமடை. தெற்கே ஆனைமலைக்கு அப்பால் மறையூர், மூணாறு, பூப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி. கேரள எல்லைக்குள் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர்கள் இவை. இங்குள்ள வீடுகளுக்குக் கணினி பல வழிகளில் வந்து சேர்ந்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்லை தாண்டி உறவினர் வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகளோடு அந்தக் கணினிகளும் மலையேறின. கோயம்புத்தூர்க் கடைகளிலிருந்து பழைய மேசைக் கணினிகள் வந்தன. 2020 ஜூன் 1 அன்று கேரளப் பள்ளிகளின் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் தொடங்கியபோது, அதுவரை கணினி வாங்க நினைக்காத வீடுகளும் கடன்பட்டு ஒன்றை வாங்கின.

வாங்கியபின் வரும் சிக்கல் வேறு. ஒருநாள் காலையில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. அல்லது நிறுவனத்தின் சின்னம் வந்து, வட்டம் சுற்றிச் சுற்றி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. “சிஸ்டம் கேடாயிடுச்சு” என்று வீட்டில் சொல்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோனால் “போர்டு போயிடுச்சு” அல்லது “ஃபார்மட் பண்ணணும்” என்ற இரண்டில் ஒரு பதில் கிடைக்கிறது.

இந்த ஊர்களில் வீட்டுக் கணினி ஏன் தொடங்காமல் போகிறது, அதைச் சரிசெய்யும் முறை என்ன, யாரால் சரிசெய்ய முடியும் என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது. தொடங்காத கணினிகளில் பெரும்பாலானவை மீளக்கூடியவை. எந்தக் கட்டத்தில் நின்றது என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பதை முதலில் காப்பாற்ற வேண்டும். இவ்விரண்டையும் எந்தக் குடும்பமும் கற்றுக்கொள்ளலாம். கற்றுத்தரும் அமைப்பும் கேரளத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

எந்தக் கட்டத்தில் நின்றது?

சுவிட்சைப் போட்டதிலிருந்து முகப்புத் திரை வரும்வரை ஒரு கணினி நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் எஸ்.எம்.பி.எஸ். அல்லது அடாப்டர் வீட்டு மின்சாரத்தைக் குறைந்த அழுத்த நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. அடுத்து, தாய்ப்பலகையில் உள்ள சிறு நினைவகச் சில்லிலிருந்து பயாஸ் அல்லது அதன் புதிய வடிவமான யு.இ.எஃப்.ஐ. விழித்து, ரேம், திரை, விசைப்பலகை எல்லாம் இருக்கின்றனவா என்று சோதிக்கிறது. மூன்றாவதாக, எந்த வட்டிலிருந்து தொடங்குவது என்று தேடி, அங்குள்ள தொடக்க நிரலை எழுப்புகிறது. கடைசியாக அந்த நிரல் விண்டோஸையோ லினக்ஸையோ நினைவகத்துக்குக் கொண்டுவருகிறது.

பழுதின் அறிகுறியும் இந்த வரிசையில்தான் தெரியும். விளக்கும் இல்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் சிக்கல் மின்சாரத்தில். விசிறி சுற்றியும் திரை வரவில்லை, ‘பீப்’ ஒலி விட்டுவிட்டு வருகிறது என்றால் ரேம் அல்லது திரை அட்டையைப் பார்க்க வேண்டும். அந்த ஒலியின் எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும் ஒவ்வொரு பயாஸ் நிறுவனமும் தனித்தனிப் பொருள் வைத்திருக்கிறது. பலகையின் கையேட்டில் அது இருக்கும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் தொடக்க வட்டு கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தால், முதல் இரண்டு கட்டங்களும் நலம் என்று பொருள். சின்னம் வந்தபின் நீலத்திரையோ ஓயாத மறுதொடக்கமோ வந்தால் இயங்குதளம், இயக்கி நிரல், வட்டு ஆகிய மூன்றில் ஒன்று காரணம்.

இந்த வரிசை தெரிந்தாலே பல கடைப் பயணங்கள் மிச்சம். கணினியில் மறந்துவிட்ட ஒரு பென் டிரைவைக் கழற்றியதும் தொடங்கிவிடும் கணினிகள் உண்டு. பயாஸ் அந்த பென் டிரைவிலிருந்து தொடங்கப் பார்த்து நின்றிருக்கும். திரைக்குப் போகும் கம்பி தளர்ந்திருப்பது இன்னொரு எளிய காரணம். மடிக்கணினியானால் அடாப்டரைக் கழற்றி, பேட்டரி தனியே எடுக்கக்கூடியதென்றால் அதையும் எடுத்து, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியும். அதன்பின் அடாப்டரை மட்டும் செருகிப் பார்க்கலாம். காசில்லாமல் செய்யக்கூடிய இந்தச் சோதனைகளை முடித்த பிறகே கடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மின்சாரமும் இடியும்

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-இல் மூணாறுக்கு அருகே பள்ளிவாசலில் இயங்கத் தொடங்கியது. எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் சென்றுவிட்டதாக மாநிலம் 2017-இல் அறிவித்தது. ஆனால் மின்சாரம் வந்து சேர்வதும் சீராக வருவதும் வேறு வேறு. தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கும் ஏலக்காட்டு வீடுகளுக்கும் கம்பிகள் மரங்களுக்கு இடையே நெடுந்தூரம் வருகின்றன. தென்மேற்குப் பருவத்தில் கிளை விழுந்தால் மின்சாரம் போகும். அது திரும்பும் கணத்தில் அழுத்தம் துள்ளும். கம்பியின் கடைசி முனையில் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் 230 வோல்ட் என்பது பேச்சளவில்தான். மடிக்கணினி அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் வகையில் செய்யப்பட்டவை. மலிவான மேசைக் கணினி எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு அந்தத் தாங்குதிறன் குறைவு.

இதைவிடப் பெரிய எதிரி இடிமின்னல். மேற்குத் தொடர்ச்சி மலையோரத்தில் ஏப்ரல், மே மாதக் கோடை மழையிலும் அக்டோபர், நவம்பர் மாதத் துலா மழையிலும் பிற்பகலில் மேகம் திரண்டு இடி இறங்கும். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனமாக இருக்கும்படி கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இந்த மாதங்களில்தான். பள்ளி விட்டு வந்த பிள்ளை கணினி முன் உட்காரும் நேரமும் அதுவே.

இடி வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை. தொலைவில் விழுந்த இடியின் மின்னெழுச்சியும் கம்பி வழியாக வந்துவிடும். மின்கம்பி, பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி, கேபிள் டிவி வயர், மோடத்திலிருந்து கணினிக்குப் போகும் இணையக் கம்பி ஆகிய எல்லாமே அதற்கு வழிதான். பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு இணையக் கம்பியை அப்படியே விட்ட வீடுகளில் தாய்ப்பலகை எரிவது இதனால்தான். சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பதும் போதாது. அது ஒரு கம்பியை மட்டுமே துண்டிக்கிறது, மற்றவை தொடர்ந்து இணைப்பில் இருக்கின்றன. 2023 ஜூன் மாதம் தொடங்கிவைக்கப்பட்ட கேரள அரசின் கே-ஃபோன் போன்ற கண்ணாடி இழை இணைப்புகள் ஒரு நன்மை செய்கின்றன. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இருந்தாலும் அந்த இழை வந்து சேரும் பெட்டிக்கு மின்சாரம் கம்பி வழியாகத்தானே போகிறது? ஆகவே வானம் இருட்டத் தொடங்கியதும் எல்லாக் கம்பிகளையும் பிடுங்குவது ஒன்றே முழுப் பாதுகாப்பு. இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடுவது உயிருக்கே ஆபத்து.

‘ஸ்பைக் கார்டு’ வாங்கினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதன் உள்ளிருக்கும் சிறு வில்லை ஒவ்வொரு மின்னெழுச்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சில ஆண்டுகளில் அது வெறும் நீட்டிப்புப் பலகையாகிவிடும். அந்த வில்லை எழுச்சியைத் தள்ளிவிட நல்ல ‘எர்த்’ வேண்டும். பாறை நிலத்தில் அரைகுறையாகப் புதைத்த எர்த் கம்பியால் பயன் சிறிது. எர்த்தைச் சோதிக்க ஓர் எலக்ட்ரீஷியனை அழைப்பது ஸ்பைக் கார்டு வாங்குவதைவிடச் சிறந்த முதலீடு.

ஓர் எச்சரிக்கை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வீட்டில் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள மின்தேக்கிகளில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். அதை மாற்றிப் பார்ப்பதே முறை.

மலையில் ஈரம், கணவாயில் வெப்பம்

மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் பல மாதங்கள் காற்றில் ஈரம் குறைவதே இல்லை. ரேம் அட்டையின் தொடுமுனைகளும் அது செருகப்படும் பள்ளமும் அந்த ஈரத்தில் மெல்லிய படலம் பூண்டுவிடும். விசிறி சுற்றும், திரை வராது. அங்குள்ள பழுதுபார்ப்பவர்களின் முதல் கைவேலை இதுதான்: பிளக்கைப் பிடுங்கி, ஓர் உலோகப் பரப்பைத் தொட்டு உடலின் நிலைமின்னூட்டத்தை இறக்கி, ரேமைக் கழற்றி, தொடுமுனைகளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதி, ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை மறுபடி செருகுவது. இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது கெட்டது என்று கண்டுபிடிக்கலாம்.

ஈரத்தோடு உயிர்களும் வரும். எறும்புகள் கணினியின் உள்வெப்பத்தை நாடிக் கூடு கட்டுகின்றன, பல்லி எஸ்.எம்.பி.எஸ்.க்குள் புகுந்து குறுக்குச்சுற்றை ஏற்படுத்துகிறது. மழைக்காலத்தில் கணினியை மூடியே வைத்திருப்பதைவிட வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுவது நல்லது. அந்த வெப்பமே ஈரத்தை விரட்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளம் போல வீட்டுக்குள் நீர் புகுந்தால் விதி நேர் மாறானது. நனைந்த கணினியை ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று ஆன் செய்வதே அதன் முடிவாகிவிடும். கழற்றி, முழுக்க உலர்த்தி, வட்டைத் தனியே எடுத்துக் காக்க வேண்டும்.

கணவாய்ப் பக்கம் நிலைமை வேறு. கொழிஞ்சாம்பாறை மழை மறைவு நிலம். மார்ச், ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். டிசம்பர், ஜனவரியில் கணவாய்க் காற்று தூசைக் கொண்டுவரும். அந்தத் தூசு விசிறியை அடைத்து, செயலியின் மேலிருக்கும் வெப்பப் பசையும் காய்ந்துவிட்டால், கணினி தொடங்கிச் சில நிமிடங்களில் தானாகவே அணையும். மின்தேக்கிகளின் ஆயுள் வெப்பம் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகக் குறையும் என்பது மின்னணுவியலின் பொது விதி. 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் சில ஆண்டுகள் தரமற்ற மின்தேக்கிகள் உலகெங்கும் தாய்ப்பலகைகளைக் கெடுத்தன. தலை புடைத்த மின்தேக்கியைப் பழைய பலகையில் இன்றும் கண்ணால் பார்த்தே அடையாளம் காணலாம். நல்ல சால்டரிங் கை உள்ளவர் சிறு செலவில் அதை மாற்றிவிடுவார். ‘போர்டு போயிடுச்சு’ என்று கேட்டதும் வீட்டார் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வட்டக் காசு போன்ற சி.ஆர். 2032 பேட்டரி தனிக் கவனம் பெற வேண்டியது. 3 வோல்ட் தரும் இந்தச் சிறு பேட்டரிதான் கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கிறது. அது தீர்ந்தால் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போகும், எந்த வட்டில் தொடங்குவது என்ற வரிசை மாறும், வட்டைப் படிக்கும் முறையும் மாறி விண்டோஸ் நீலத்திரையில் நிற்கலாம். தப்பித்தவறித் தொடங்கினாலும், தேதி தவறாக இருப்பதால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றை உலாவி ஏற்காது. கடிகாரக் கடையில் கிடைக்கும் ஒரு பேட்டரியைப் போட்டு, தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் மறுபடி சரிசெய்தால் இவை எல்லாம் தீரும்.

வட்டும் இயங்குதளமும்

மின்சாரமும் ரேமும் நலம், ஆனாலும் முகப்பு வரவில்லை என்றால் வட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். கணினி வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போவது இம்மலைகளில் சாதாரணம். புதுப்பிப்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தொடக்க நிரலே அரைகுறையாக நிற்கும். விண்டோஸ் அடுத்தடுத்துத் தொடங்கத் தவறினால் மீட்புச் சூழலுக்குத் தானாகவே போகும். அங்கே தொடக்கத்தைத் தானே சரிசெய்யும் வசதி, முந்தைய நிலைக்குத் திரும்புவது, கடைசிப் புதுப்பிப்பை நீக்குவது, சேஃப் மோடு எல்லாம் இருக்கின்றன. இவற்றை இந்த வரிசையிலேயே முயலலாம்.

வட்டிலிருந்து ‘டக் டக்’ ஒலி வந்தாலோ, கோப்புகள் திறக்க மிகவும் தாமதமானாலோ கதை வேறு. அந்நேரத்தில் வட்டுச் சோதனை நிரலை ஓட்டுவது, சாகும் வட்டை இன்னும் வருத்துவது. முதலில் நகல் எடுக்க வேண்டும். லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், உள்ளிருக்கும் விண்டோஸைத் தொடாமலே கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுக்கலாம்.

தொடக்கம் தடைபடுவது எளிய வீடுகளின் சிக்கல் மட்டுமில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் ஆசியா முழுவதும் பல கணினிகளின் பயாஸையே அழித்து அவற்றை எழவிடாமல் செய்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் முடங்கின. அந்தக் கணினிகளில் பலவற்றைச் சரிசெய்த விதம் நம் கவனத்துக்குரியது. ஒவ்வொரு கணினி முன்னும் ஒருவர் உட்கார்ந்து, மீட்புச் சூழலுக்குப் போய், கெட்ட ஒரு கோப்பை மட்டும் கையால் நீக்கினார். வட்டு பூட்டப்பட்டிருந்த கணினிகளில் அதற்குமுன் 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. எந்தக் கட்டம், எந்தக் கோப்பு என்று தெரிந்ததும் வேலை சில நிமிடம்தான். பூப்பாறையில் ஒரு மடிக்கணினிக்கும் இதே அறிவு போதும். விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினிகளில் வட்டுப் பூட்டு தானாகவே இயங்கியிருக்கக்கூடும். அந்த 48 இலக்க எண்ணை இன்றே ஒரு நோட்டில் எழுதிவைப்பது ஒவ்வொரு வீட்டின் கடமை.

ஃபார்மட் என்னும் அவசரம்

எல்லை ஊர்க் கடைகளின் நெருக்கடி புரிகிறது. வாடிக்கையாளர் மலையிறங்கி வந்திருக்கிறார், மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். காரணம் தேடி இரண்டு மணி நேரம் செலவிடுவதைவிட ‘விண்டோஸ் அடிச்சு’க் கொடுப்பது கடைக்காரருக்கு எளிது. ஆனால் அந்த வட்டில் என்ன இருக்கிறது? பிள்ளையின் பள்ளித் திட்டப் பணி. அக்ஷயா என்னும் அரசு மின்சேவை மையத்தில் எடுத்த சாதிச் சான்றிதழின் ஸ்கேன். புற்றடியிலோ போடிநாயக்கனூரிலோ மின்னணு ஏலத்தில் போன ஏலக்காயின் கணக்கு. இறந்துபோன பாட்டியின் ஒரே நிழற்படம். இவற்றுக்கு வேறு நகல் கிடையாது என்பது அழித்த பிறகுதான் தெரியவரும்.

ஃபார்மட் கடைசி வழியாக இருக்க வேண்டும்; நகல் எடுத்த பிறகே அதைத் தொட வேண்டும். வட்டே கெட்டிருந்தால் ஃபார்மட் செய்த விண்டோஸ் மறுபடியும் சில வாரங்களில் நின்றுவிடும்; குடும்பம் இரண்டுமுறை பணம் கட்டும். ஆகவே கணினியை ஒப்படைக்கும்போது வாடிக்கையாளர் மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: எந்தக் கட்டத்தில் நின்றது என்ற விளக்கம், கோப்புகளின் நகல், கழற்றி மாற்றிய பழைய பாகம். நேர்மையான கடைக்காரர் இவற்றை மறுக்கமாட்டார்.

யார் சரிசெய்வது?

குமுளிக்காரர் கம்பத்துக்கும், மறையூர்க்காரர் உடுமலைக்கும், வேலந்தாவளத்துக்காரர் கோவைக்கும் போகிறார்கள். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட மையம் வேண்டுமானால் பெருநகரம்தான். ஒருநாள் கூலியை இழந்து பேருந்துச் செலவும் செய்து போகும் தோட்டத் தொழிலாளிக்கு, பழுதின் விலை கடை ரசீதில் உள்ள தொகையைவிட அதிகம். அதனால்தான் பழுதுபார்க்கும் அறிவு வீட்டருகே இருக்க வேண்டும் என்கிறேன்.

இதற்கான அடித்தளத்தைக் கேரளம் ஏற்கெனவே போட்டிருக்கிறது. 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. அக்காலத்திலேயே மாணவர்களைக் கொண்டு பள்ளிக் கணினிகளைச் சரிசெய்யும் ‘ஹார்டுவேர் கிளினிக்’ முயற்சிகள் நடந்தன. அந்தத் திட்டமே 2017-இல் கைட் நிறுவனமாக மாறியது. 2018 ஜனவரியில் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அனிமேஷனோடும் மின்னணுவியலோடும் வன்பொருளும் கற்கிறார்கள். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட்டின் லினக்ஸ் இயங்குதளம் பள்ளிகளில் மட்டுமின்றி வீடுகளிலும் இலவசமாக நிறுவத்தக்கது. பள்ளிக் கணினிகளில் இதைப் பயன்படுத்துவதால் உரிமத் தொகையாகச் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று 2019-இல் கைட் கணக்குச் சொன்னது. தமிழ் வழி மாணவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்கள் தமிழிலேயே இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு மடிக்கணினிகளிலும் விண்டோஸோடு, சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் கொடுக்கப்பட்டது. விண்டோஸ் விழுந்த பிறகும் அந்தக் கணினிகளில் பலவற்றை லினக்ஸ் பக்கத்திலிருந்து தொடங்கி உள்ளிருந்ததை மீட்டிருக்க முடியும். அதைச் சொல்லித்தர ஆளில்லாமல்தான் பல வீடுகளில் அவை பரணுக்குப் போயின.

பழையதின் ஆயுள்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நன்றாக ஓடும் கணினியை இதற்காகத் தூக்கியெறியத் தேவையில்லை. பழைய வட்டை எடுத்துவிட்டு ஓர் எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் நிறுவினால் பள்ளிப் பாடத்துக்கும் விண்ணப்பங்களுக்கும் அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றிச் செத்துவிடக்கூடும் என்பதால் நகல் எடுக்கும் பழக்கம் அங்கே இன்னும் அவசியம்.

சட்டமும் மெல்ல இந்தத் திசைக்கு வருகிறது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்து, டிசம்பரில் அதற்கான இணைய வாசலைத் திறந்தது. புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உண்மையிலேயே முடிந்துபோன கணினியைக் கேரளத்தில் கழிவு சேகரிக்கும் அமைப்புகளான கிளீன் கேரளா கம்பெனி, ஹரித கர்ம சேனை வழியாகவே ஒப்படைக்க வேண்டும். எஸ்டேட் ஓடையில் வீசப்படும் பலகையின் ஈயம் அதே ஓடையின் தண்ணீரில் கலக்கும்.

செய்ய வேண்டியவை

கட்டுரை சொல்ல வந்தது சுருக்கமானது. எல்லையோர வீட்டுக் கணினிகளைக் கெடுப்பவற்றில் பெரும்பகுதி இடி, சீரற்ற மின்சாரம், ஈரம், தூசு ஆகிய உள்ளூர்க் காரணங்கள். இவற்றுக்கான மருந்தும் உள்ளூரிலேயே செய்யத்தக்கது. தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை, சித்தூர் தாலுகாக்களில் லிட்டில் கைட்ஸ் மன்றம் உள்ள ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு இரண்டுமுறை, கோடை மழைக்கு முன்பும் துலா மழைக்கு முன்பும், ஊராருக்குத் திறந்த பழுதுநாள் நடத்தலாம். ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் ரேமைத் துடைத்து, சிறு பேட்டரியை மாற்றி, கோப்புகளை நகலெடுத்துத் தரலாம். கேட்பதும் விளக்குவதும் வருகிறவரின் மொழியில், தமிழில், நடக்க வேண்டும். நான்கு கட்டங்களையும் அறிகுறிகளையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு கணினி மேசைக்கு அருகிலும் ஒட்ட வேண்டும். பஞ்சாயத்துகள் பள்ளிக்கு ஒரு மல்டிமீட்டரும் ஒரு வெளிவட்டும் வாங்கித் தந்தால் போதும்.

கடன் வாங்கி ஒரு கணினி வாங்கிய குடும்பத்துக்கு அதைக் காக்கும் அறிவையும் சேர்த்துத் தருவது கல்வித் துறையின் கடமை. கருவி கொடுத்த திட்டங்கள் பல வந்துவிட்டன. அந்தக் கருவியைக் காக்கக் கற்றுத்தரும் திட்டம் இனி வர வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்களும் பாடநூலும் மென்பொருளும் கேரளப் பள்ளிக்கூடங்களுக்குள்ளேயே ஏற்கெனவே இருக்கின்றன.